கூடாது என்ற சொல்லைக் காணவில்லை

ஒரு வாக்கியத்தின் கடைசிச் சொல் வந்து சேராததால் தசரதனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது.

கோரைமேட்டுக் குப்பத்துக்குக் காற்றுச் செய்தி இரண்டு வழியாக வரும். மீனவர் சங்கத்துக் கணினி அதை எல்லார் போனுக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பும். அதே நேரம் ஏலக்கூடத்துக் கூரைமேல் இருக்கும் ஒலிபெருக்கியில் கணினியின் பெண்குரல் அதையே வாசிக்கும். அன்று காலை அந்தக் குரல் இப்படிச் சொன்னது: “காற்று இப்போது தணிந்தாலும் மீனவர்கள் இன்று கடலுக்குப் போக.” அப்புறம் கொர்ர் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கரையில் நின்றிருந்த தசரதனும் அவர் கூட்டாளி வரதனும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்கள்.

“போகன்னா இன்னாய்யா அர்த்தம்?” என்றார் வரதன்.

“போகலாம்னுதான். காத்து தணிஞ்சிடுச்சினு அந்தப் பொண்ணே சொல்றா பாரு.”

“தணிஞ்சாலும்னு இல்ல சொன்னா?”

“லும்மாவது கிம்மாவது. படகத் தள்ளு.”

தள்ளினார்கள். முகத்துவாரம் தாண்டும் இடத்தில் ஓர் அலை படகைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தது. டீசல் கேனைக் கட்டிப் பிடித்து மிதந்தவர்களைப் பின்னால் வந்த இன்னொரு படகு இழுத்துப் போட்டது. வலை ஆந்திரா பக்கம் போனது. தசரதனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வரதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. “லும்” பற்றித் தான் சொன்னதை ஊரெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லும்படி ஆனதைத் தவிர.

தசரதனின் மகள் மோகனப்பிரியாதான் அந்தக் கணினிக்குப் பொறுப்பு. பொன்னேரியில் கணினி படித்தவள். சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தவளைச் சங்கத் தலைவர் வேதாசலம் பிடித்துவந்து, “ஊர் பொண்ணு ஊருக்கு” என்று நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் இருந்து கட்டுப்போட்டு வந்த அப்பா அவளைத் திட்டவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, “ஏம்மா, உன் மிஷினு அன்னிக்கு இன்னாதான் சொல்ல வந்துச்சு?” என்று கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

கணினியில் செய்தியை அனுப்பும் மென்பொருளின் பெயர் ஹெரன்போஸ்ட். ஹெரன் என்றால் நாரை; ஊரில் அப்படியே நாரை என்பார்கள். எங்கெங்கோ உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்கே கொடுத்த சர்வர் மென்பொருள். அதன் உள்ளே பார்த்த மோகனப்பிரியாவுக்கு, சாப்பிடப் போவதற்குள்ளேயே குற்றவாளி அகப்பட்டுவிட்டது. ஒரே ஒரு வரி. செய்தி குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் போனால் அந்த வரி வாலை வெட்டிவிடும். அது நீளத்தை அளந்த முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் இடம், தமிழ் எழுத்துக்கு மூன்று இடம். கொம்போ காலோ வைத்தால் ஆறு. ஆங்கிலக்காரர்கள் ஒரு கதையே சொல்லி முடிக்கும் இடத்தில் தமிழுக்கு ஒரு மூச்சுகூட விட முடியவில்லை. அதிலும் தமிழில் “கூடாது” கடைசியில்தான் வரும்.

அவள் அந்த வரியைத் திருத்தினாள். முழுச் செய்தியும் போனது. நிம்மதியாகத் தூங்கினாள். விடியற்காலையில் நாரை தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, திருத்தத்தை அழித்துவிட்டு, திரையில் ஒரு பூங்கொத்துப் படம் போட்டிருந்தது: “உங்கள் கணினியில் யாரோ செய்திருந்த சேதத்தைச் சரிசெய்துவிட்டோம். இனிய நாளாகட்டும்!”

ஆகவே சேதத்தை ஊற்றுக்கண்ணிலேயே செய்வது என்று முடிவெடுத்தாள்.

ஹெரன்போஸ்ட்டின் இணையப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: “யார் வேண்டுமானாலும் பங்களிக்கலாம். தேவை ஆர்வம் மட்டுமே.” அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ஆர்வம் உள்ளவர்கள் முதலில் தங்கள் கணினியில் மேம்பாட்டுச் சூழலை அமைக்க வேண்டும், அது காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும் என்று இருந்தது.

“இன்னாடி அது சூழல்?” என்று கேட்டாள் அம்மா செல்வம்மாள். மகள் சோறு தின்னாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் வந்த கேள்வி.

“ஒரு வரி திருத்தணும்னா, அவங்க ஊடு மாதிரியே நம்ம கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊடு கட்டணும்மா. அதே செவுரு, அதே கதவு. அதுக்குள்ள உக்காந்துதான் திருத்தணும்.”

“ஒரு ஆணி அடிக்கவா ஊடு?”

“அப்பதான் அடிச்ச ஆணி அவங்க ஊட்டுலயும் நிக்குதானு தெரியுமாம்.”

இதில் நியாயம் இருப்பதாகவே அப்போது மோகனப்பிரியாவுக்குத் தோன்றியது.

குப்பத்தில் இருந்த இணைய வேகத்தில் அந்த வீட்டின் வாசற்படி இறங்குவதற்கே மழைக்காலம் வந்துவிடும் போலிருந்தது. பொன்னேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடையும் இணைய மையமும் சேர்த்து நடத்தும் லோகேஷ் அவள் கூடப் படித்தவன். அவனிடம் போனாள். அவன் ஒரு மேசையைக் காலி செய்து கொடுத்தான்.

வழிகாட்டியின்படி, சூழலை அமைக்க ஒரு கருவி வேண்டும். கருவியை நிறுவ ஒரு நிறுவி. நிறுவியில் எந்தப் பதிப்பு என்று முடிவுசெய்ய ஒரு பதிப்பு மேலாளர். பதிப்பு மேலாளரின் பழைய பதிப்பில் கோளாறு. புதிய பதிப்பை நிறுவ, மேம்பாட்டுச் சூழல் ஏற்கெனவே அமைந்திருக்க வேண்டும். இதை மூன்றாம் முறை படித்தபோது மோகனப்பிரியா தண்ணீர் குடித்தாள். லோகேஷ் யாருக்கோ ரேஷன் கார்டை லேமினேட் செய்துகொண்டே, “கண்டுக்காத, தாண்டிப் போ” என்றான். தாண்டிப் போனாள். கணினி பெருமூச்சு விட்டது. மேசை சூடாகியது. கடைக்கு வந்தவர்கள் யாருக்கும் ஜெராக்ஸ் வரவில்லை. கடைசியில் திரை முழுக்கச் சிவப்பில் ஒரு வாசகம் வந்தது: “பிழை: எதிர்பாராத வெற்றி.”

லோகேஷ் எட்டிப் பார்த்தான். “ஜெயிச்சிட்டமா, தோத்துட்டமா?”

“ஜெயிச்சதாலதான் தோத்துட்டமாம்.”

“சோக்கா கீது” என்றான் லோகேஷ்.

உதவி கேட்க அரட்டைக் கூடம் ஒன்று இருந்தது. மோகனப்பிரியா, “மதிப்பிற்குரிய சார், வணக்கம்” என்று தொடங்கிப் பிழையை விவரித்து ஆங்கிலத்தில் எழுதினாள். பிழை பற்றி யாரும் பேசவில்லை. பெர்ட்ராம் என்பவர் பதில் எழுதினார். எழுத்தில்கூட அவர் மெதுவாகப் பேசுவது கேட்டது.

“அன்புள்ள புதியவரே, நல்வரவு. இங்கே சார் கிடையாது. மேல், கீழ் கிடையாது. நாங்கள் அனைவரும் சமம். இதை நான் முதுநிலைத் தலைமைப் பராமரிப்பாளர் என்ற முறையிலும், வழிகாட்டுக் குழுவின் நிரந்தர உறுப்பினர் என்ற முறையிலும், நிறுவனர் என்ற முறையிலும் சொல்கிறேன். மேலும், நீங்கள் உங்கள் கேள்வியை ‘உதவி’ அறையில் கேட்டிருக்கிறீர்கள். அந்த அறை உதவி செய்பவர்களுக்கானது. உதவி கேட்பவர்களுக்கு ‘தொடக்கம்’ என்று ஓர் அறை உண்டு. அங்கே இப்போது யாரும் இல்லை. ஆனால் அது மிகவும் நட்பான அறை.”

தொடக்கம் அறைக்குப் போனாள். யாரும் இல்லை. நட்பாகத்தான் இருந்தது.

லோகேஷ் தன் கடைக் கணினி ஒன்றைத் துடைத்துப் போட்டு, அதில் முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். கும்மிடிப்பூண்டி ரயில் பலமுறை போய்வந்த பிறகு, சூழல் ஒருவழியாக எழுந்து நின்றது. மோகனப்பிரியா அந்த மாளிகைக்குள் நுழைந்து, தன் ஒரே வரியைத் திருத்தி, அனுப்பினாள். உடனே தானியங்கி ஒன்று பதில் போட்டது: “உங்கள் முதல் பங்களிப்பா? ஆஹா! யாராவது ஒருவர் விரைவில் பார்ப்பார்.”

‘விரைவில்’ என்பதற்கும் அந்த நிறுவனத்தில் ஒரு தனிச் சூழல் இருந்திருக்க வேண்டும். அப்பாவின் கட்டுப் பிரித்தாயிற்று. யாரும் பார்க்கவில்லை. நாரை தினமும் வாலை வெட்டிக்கொண்டிருந்தது. போதாததற்கு ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லி வேதாசலத்திடம் பாதி ஊர் சண்டை போட்டது. மீதி ஊர், ஒலிபெருக்கி என்ன சொல்கிறதோ அதற்கு எதிராகச் செய்தால் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டு அதன்படி நடந்தது.

அப்போதுதான் முரளி வந்தார்.

முரளி ஹெரன்போஸ்ட்டின் தெற்காசியச் சமூகத் தூதர். சென்னையில் இருந்து ஒரு வேனில், பதாகை, டீ-சர்ட் மூட்டை, ஒட்டுப்பட மூட்டை சகிதம் வந்திறங்கினார். கடலோர மீனவப் பெண் ஒருத்தி பங்களிப்பு அனுப்பியிருக்கிறாள் என்று தலைமையகத்தில் பரபரப்பாம். அந்தப் பங்களிப்பை யாராவது பார்த்தார்களா என்று மோகனப்பிரியா கேட்டாள்.

“பங்களிப்பப் பாக்கறது வேற டீம்ங்க” என்றார் முரளி. “நான் பங்களிப்பாளரப் பாக்கற டீம்.”

புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பங்களிப்புத் திருவிழா கூடியது. டீ-சர்ட் இலவசம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. நடுவில் செல்வம்மாள் உட்கார்ந்திருந்தாள். “இன்னா தம்பி, எந்தக் கட்சி?” என்று கேட்டு வைத்தாள்.

முரளி மைக்கைப் பிடித்தார். “நண்பர்களே! பலபேரு நெனைக்கறாங்க, சாஃப்ட்வேர்னா கோடுன்னு. இல்லை! சாஃப்ட்வேர்னா சமூகம். நான் ரொம்ப வருஷமா இந்தச் சமூகத்துல இருக்கேன். பன்னாட்டு மாநாடுகள்ல பேசியிருக்கேன். இன்னிக்கு வரைக்கும் ஒரு வரி கோடு எழுதினதில்லை. அதனாலதான் என்னால எல்லாரையும் சமமாப் பாக்க முடியுது!”

வரதன் கைதட்டினார். கைதட்டும் இடம் எப்போதுமே அவருக்குத் தெரியும்.

பிறகு எல்லாரும் தத்தம் போனில் கணக்குத் தொடங்கி, மேம்பாட்டுச் சூழலை அமைக்க வேண்டும் என்றார் முரளி. கட்டடம் நிறைய ஆட்கள். முரளியின் போனில் இருந்து ஓர் இணையம். அது முதல் மேசையைத் தாண்டுவதற்குள் மயங்கி விழுந்தது. சிலர் டீ-சர்ட்டோடு நழுவினார்கள். முரளி சளைக்கவில்லை. சூழல் அமைக்க முடியாதவர்கள் வழிகாட்டிப் பக்கத்தில் எழுத்துப்பிழை திருத்தலாம், அதுவும் பங்களிப்புதான், அதற்கு எந்தச் சூழலும் வேண்டாம் என்றார். செல்வம்மாள் பெயரில் அவரே மகளின் போனில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். செல்வம்மாள் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபோது கட்டைவிரல் எதன்மேலோ பட்டது. வழிகாட்டியில் இருந்த ஒரு காற்புள்ளி போய்விட்டது.

போன் அதிர்ந்தது. “அருமை! உங்கள் பங்களிப்பு ஏற்கப்பட்டது” என்றது தானியங்கி. பட்டாசு வெடிக்கும் படம் வந்தது. எங்கிருந்தோ மூன்று பேர் இதயம் போட்டார்கள். பெர்ட்ராமே, “வாசிப்பு இப்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது!” என்று எழுதினார்.

“இன்னாடி ஆச்சு? ஒடஞ்சிடுச்சா?” என்றாள் செல்வம்மாள்.

“நீ பங்களிப்பாளர் ஆயிட்டம்மா” என்றாள் மோகனப்பிரியா. அவள் குரலில் இருந்தது என்ன என்று அம்மாவுக்குப் புரியவில்லை.

முரளி படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளே நிறுவனத்தின் பக்கத்தில், பழவேற்காட்டு ஏரிக்கரையில் மென்பொருள் புரட்சி என்று செய்தி வந்தது. டீ-சர்ட்டுகள் இஞ்சின் துடைக்க நன்றாக இருந்தன. ஒட்டுப்படங்கள் ஐஸ் பெட்டிகளின் மேல் ஏறின. நண்டு வாங்க வந்த வியாபாரி, இது என்ன புதுக் கம்பெனி ஐஸா என்று கேட்டுவிட்டுப் போனார்.

திருவிழாவுக்குப் பலன் இல்லாமலும் போகவில்லை. மோகனப்பிரியாவின் வரி வழிகாட்டுக் குழுக் கூட்டத்துக்கு வந்தது. காணொலியில் கூட்டம். விதிப்படி, பங்களிப்பு ஏற்கப்பட்டவர்கள் மட்டுமே பேசலாம், வாக்களிக்கலாம்; மற்றவர்கள் பார்க்கலாம். மோகனப்பிரியாவின் பங்களிப்பு இன்னும் ஏற்கப்படவில்லை. எனவே அவள் பார்வையாளர். செல்வம்மாள் உறுப்பினர்.

சங்க அலுவலகத்தில் செல்வம்மாளைத் தலைவரின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தசரதன் ஒரு கையைத் தூக்க முடியாமல் பின்னால் நின்றார். மோகனப்பிரியா திரைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தைத் தமிழாக்கி அம்மாவுக்குச் சொல்வது, அம்மாவின் தமிழை ஆங்கிலமாக்கித் தட்டுவது என்று இருந்தாள். பார்வையாளர் அதைச் செய்யலாமா என்று விதியில் எதுவும் இல்லை.

பெர்ட்ராம் நரைத்த தாடியோடு, பின்னால் புத்தக அலமாரியோடு தோன்றினார். “இந்த வெட்டு பல ஆண்டுகளாக இருக்கிறது. எனவே அது ஒரு பிழை என்று சொல்வது, பல ஆண்டுகளாக அதை நம்பியிருப்பவர்களைப் புண்படுத்தும். எங்கள் முதல் கடமை, இருப்பதை இருக்கிறபடியே காப்பது. இரண்டாவது கடமை புதுமை.”

செல்வம்மாள் கையைத் தூக்கினாள். “இன்னா பேசறாருன்னு தெரியல. நான் சொல்றத சொல்லு அவுருகிட்ட. எங்க ஊட்டுக்காரரு தோள்பட்ட எலும்பு முறிஞ்சி கெடந்தாரு. வலை போச்சு. இன்னும் கொஞ்சம் போயிருந்தா ஆளே போயிருப்பாரு. உங்க மிஷினு கடைசி வார்த்தைய முழுங்கிடுச்சு. முழுங்காம இருக்கச் சொல்லுங்க. அவ்ளோதான்.”

மோகனப்பிரியா அதைத் தட்டினாள்.

“நன்றி, செல்வம்மாள்” என்றார் பெர்ட்ராம். “மிகவும் வலிமையான அனுபவம். உங்கள் அனுமதியோடு இதை ‘எங்கள் பயனர்களின் கதைகள்’ பகுதியில் சேர்க்கிறோம். இப்போது தொழில்நுட்பத்துக்கு வருவோம். செய்தியின் முக்கியமான சொல்லை உங்கள் மொழியில் ஏன் கடைசியில் வைத்திருக்கிறீர்கள்? அதை முன்னால் கொண்டுவர ஏதாவது திட்டம் உண்டா?”

மோகனப்பிரியா இதை மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

“நம்ம பேச்ச மாத்திக்கச் சொல்றாரும்மா. கூடாதுன்றத மொதல்ல சொல்லணுமாம்.”

“எப்புடி? ‘கூடாது கடலுக்குப் போக’ன்னா?” செல்வம்மாள் திரையை உற்றுப் பார்த்தாள். “ஏம்ப்பா, மொதல்ல கூடாதுன்னு கத்தினா, இன்னா கூடாதுன்னு கேக்க எவன் நிப்பான்? ஊட்டுல நான் காலைல எழுந்ததுலேந்து கூடாது கூடாதுன்னுதான் சொல்லிகினு கீறேன். இவுரு ஒருநாளு நின்னு கேட்டிருக்காரா?”

பின்னால் தசரதன் தலையைக் குனிந்துகொண்டார்.

விவாதம் நீண்டது. வெட்டக் கூடாது என்று ஒரு பக்கம்; வெட்டுவதே மரபு என்று ஒரு பக்கம்; வெட்டு என்ற சொல்லே வன்முறையானது, சுருக்கம் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம். கடைசிப் பக்கத்துக்கு ஏகமனதான ஆதரவு கிடைத்தது. பிறகு பெர்ட்ராம் கண்ணை மூடித் திறந்து, சமரசம் ஒன்றை முன்வைத்தார்.

“இதுவரை செய்தியின் முடிவைச் சுருக்கினோம். அது தமிழுக்கு அநீதி. இனி, செய்தியின் தொடக்கத்தைச் சுருக்குவோம். இவ்வாறு, செல்வம்மாளின் துன்பத்துக்கும் நம் மரபுக்கும் சம மதிப்பு அளிக்கிறோம்.”

எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அந்தச் சின்னம் ஒப்புதல் வாக்கு என்று செல்வம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. “போதும், ஆள விடுங்க” என்று அவள் கையை உதறியபோது கட்டைவிரல் மேலே இருந்தது. அதுவும் எண்ணப்பட்டது.

அடுத்த விடியற்காலையில் நாரை புதுத் தலையோடு, அதாவது தலை இல்லாமல், எழுந்தது. பூங்கொத்துப் படத்தின் கீழே செல்வம்மாளுக்கு நன்றி சொல்லியிருந்தது.

அன்று வானம் கண்ணாடி. கடல் குளம். ஒலிபெருக்கி சொன்னது: “கடலோர மீனவர்கள் மட்டும் இன்று கடலுக்குப் போகக் கூடாது.” முழு வாக்கியம், கொர்ர் சத்தம்கூட இல்லை. ஊரே கையைக் கட்டிக்கொண்டு கரையில் உட்கார்ந்தது. தங்களை ஏன் ‘மட்டும்’ என்று பிரித்துச் சொல்கிறார்கள் என்பதுதான் பேச்சு. வரதன் இதில் அரசியல் இருக்கிறது என்றார். அடிவானத்தில் பக்கத்து ஊர்ப் படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சாயங்காலம் அவை இறால் பாரத்தில் அமிழ்ந்து திரும்பி வந்த பிறகுதான், வெட்டப்பட்ட தலை என்ன என்று மோகனப்பிரியா கண்டுபிடித்தாள்: “கன்னியாகுமரி, தூத்துக்குடி மாவட்டங்களின் தென்”.

அன்று சங்க அலுவலகத்துக்கு முன் கூடிய கூட்டத்தை யாரும் டீ-சர்ட் கொடுத்துக் கூட்டவில்லை. முத்தம்மாள் என்கிற மீன்காரி வெறும் கூடையைத் தலைவர் மேசைமேல் கவிழ்த்துவிட்டு, “இன்னிக்கு இத்த ஏலம் வுடு” என்றாள். எல்லார் கண்ணும் மோகனப்பிரியாமேல்தான். அவளுக்குக் கண் கலங்கியது. பல மாதம் அந்த ஒரு வரிக்காகப் பொன்னேரிக்கும் குப்பத்துக்கும் அலைந்திருக்கிறாள். அடுத்த மனுவுக்கு என்ன விதி என்று வாசித்துக்கூட வைத்திருந்தாள்.

லோகேஷிடம் போய் அழுதாள். அவன் ஆதார் அட்டைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான்.

“ஏன் மோகனா, அந்த சாஃப்ட்வேர யார் வேணா எடுத்துக்கலாம்னுதான போட்டிருக்கு?”

“ஆமா.”

“எடுத்துக்கினு வந்துடேன். அவங்க ஊட்டுல போயி ஆணி அடிக்கணும்னு இன்னா தலையெழுத்து? ஒரு காப்பி எடு, தன்னால மாறிக்கிறத நிறுத்து, காத்துச் செய்திய வானிலைக்காரங்க பொதுவுல போடறாங்கல்ல, அங்கேந்து நேரா இஸ்து போடு.”

மோகனப்பிரியா அவனைப் பார்த்தாள். திருத்துவதற்கு அந்த வீடு வேண்டியிருக்கவில்லை. திருத்திவிட்டேன் என்று அவர்களிடம் சொல்வதற்குத்தான் வேண்டியிருந்தது. இதை இத்தனை நாள் தான் யோசிக்காததில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்துக்கு அப்போது நேரம் இல்லை.

லோகேஷ் சொன்னபடியே செய்தாள். செய்தி தலையும் வாலுமாகப் போனது. மறுநாள் விடிந்தது, பூங்கொத்து வரவில்லை. அடுத்த வாரம் வாடைக் காற்று எழும்பியபோது ஒலிபெருக்கி எந்த மாவட்டம், எந்தப் பக்கம், எதுவரைக்கும், என்ன கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. தசரதன் படகுக் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

விஷயம் வெளியே தெரிந்ததும் முரளி போன் செய்தார். குரல் இழவு வீட்டுக் குரலாக இருந்தது.

“தனியாப் பிரிஞ்சி போறது பெரிய பாவம்ங்க. சமூகம் உடைஞ்சிடும். பெர்ட்ராம் ரொம்ப மனசு ஒடஞ்சி போயிட்டாரு. தொடக்கம் அறையில போயி உக்காந்திருக்காரு.”

“அங்க யாராச்சும் இருக்கறது நல்லதுதான் சார்” என்றாள் மோகனப்பிரியா.

அந்த வாரமே ஒரு மடல் வந்தது. எங்கோ வடக்கே பனி விழும் தீவு ஒன்றில் துறைமுகக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் இங்கா என்ற பெண் எழுதியிருந்தாள். அவர்கள் பாஷையில் ‘கூடாது’ முதலிலேயே வந்துவிடும். நாரை தலையை வெட்டத் தொடங்கிய பிறகு, புயல் வரும்போதெல்லாம் அவள் ஊர் ஒலிபெருக்கி, “கடலுக்குப் போகவும், வியாழன் மாலை வரை” என்று உரக்கக் கூவுகிறதாம். இரண்டு படகுகள் போய்விட்டன. ஆட்கள் திரும்பிவிட்டார்கள், படகுகள் திரும்பவில்லை. ஹெரன்போஸ்ட்டில் கேட்டதற்கு, இது செல்வம்மாள் என்ற மூத்த உறுப்பினரின் கோரிக்கைப்படி நடந்த மாற்றம் என்றார்களாம். உங்களிடம் வெட்டாத நாரை இருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதில் பங்கெடுக்க என்ன சூழல் அமைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

வெளிநாட்டிலிருந்து மடல் வந்த செய்தி வேதாசலத்துக்கு எட்டியது. அவர் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஏலக்கூடத்தில் அவசரக் கூட்டம். மேடை, நாற்காலி, துணிப் பதாகை: ‘கோரைமேட்டுக் குப்பம் பன்னாட்டு மென்பொருள் சங்கம், அயல்நாட்டுப் பங்களிப்பாளர் வரவேற்புக் குழு’. கௌரவத் தலைவராக, காற்புள்ளி அனுபவத்தின் அடிப்படையில், செல்வம்மாள். அவள் மீன் அரியும் வேலை இருக்கிறது என்று வரவில்லை; வராமலேயே தேர்ந்தெடுக்கப்பட்டாள். தணிக்கைக் குழுவுக்கு வரதன், ‘லும்’மை முதலில் கவனித்தவர் என்ற தகுதியில்.

வேதாசலம் மைக்கைத் தட்டினார். “பெரியோர்களே, தாய்மார்களே! இன்னிக்கு உலகமே நம்ம மென்பொருளத் தேடி வருது. வர்றவங்க வரட்டும். ஆனா கண்டவன் வந்து கண்டபடி கைய வெச்சிட்டுப் போக இது இன்னா சத்திரமா? நமக்குனு ஒரு மொறை வாணாமா? நம்ம சாஃப்ட்வேரத் தொடணும்னா மொதல்ல நம்ம சூழல் தெரிஞ்சிருக்கணும். இந்த ஏரி, இந்தக் காத்து, இந்தக் கோயிலு! அதுக்காகச் சில விதிகள ஏற்படுத்தியிருக்கோம். விதிகளச் சொல்றதுக்கு முன்னால, இந்த விதிகள் எப்படி உருவாச்சுன்றதப் பத்தி ரெண்டு வார்த்தை...”

கூட்டம் வசதியாக உட்கார்ந்தது. மோகனப்பிரியா கடைசி வரிசையில், இறால் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து போனை எடுத்தாள். ‘எந்தச் சூழலும் வேண்டாம்’ என்று இங்காவுக்கு எழுதினாள். எந்தக் கோப்பு, எந்த வரி, அதற்குப் பதில் என்ன, தானாக மாறுவதை எங்கே நிறுத்துவது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். அனுப்பினாள்.

மேடையில் வேதாசலம் தன் தாத்தா காலத்தில் கூட்டுறவு இருந்த நிலைக்கு வந்திருந்தார்.

போன் அதிர்ந்தது. “முழுச் செய்தியும் போயிற்று. இன்று இரவு இங்கே பெருங்காற்று. எல்லாப் படகும் கட்டியாகிவிட்டது. நன்றி, அக்கா” என்று எழுதியிருந்தாள் இங்கா. அக்கா என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தாளோ.

மோகனப்பிரியா போனைப் பையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். வேதாசலம் முதல் விதியின் முன்னுரையை முடித்துவிட்டு, விதிக்குள் இறங்குவதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.